டெல்டாவுக்குள் எத்தனை சொல்? கொடுத்த எழுத்துகளில் ஆங்கிலச் சொல் தேடும் முறை

தஞ்சாவூர்ப் பக்கம் 'டெல்டா' தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. டெல்டா மாவட்டம், டெல்டா விவசாயி, டெல்டா பாசனம் என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தே எழுத்து. அந்த ஐந்தையும் கலைத்துப் போட்டு வேறு வரிசையில் அடுக்கினால் 'டெல்ட்' வரும். 'டீல்' என்ற வினையின் இறந்தகாலம். கூட ஒரு எஸ் சேர்த்தால் 'சால்டட்', அதாவது உப்பு ஏறியது. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சில எழுத்துகளைக் கொடுத்து ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்கச் சொல்லும் வேலை பல இடங்களில் வருகிறது. வங்கித் தேர்வின் ரீசனிங் பகுதி, செய்தித்தாளின் எழுத்துக் கலவைப் புதிர், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள், செல்போனில் 'வேர்டில்' என்ற சொல் விளையாட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கணக்கு ஒன்றுதான்.

போகும் முன் ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு டகரமும் ஒன்றாகிவிடும். அதனால் இங்கே டாக்டருக்கு முதலில் வருவது 'டி', டீக்கடைக்கு முதலில் வருவது 'டீ'. ஆப்பிளுக்கு ஏ, எலிஃபன்ட்டுக்கு ஈ, இங்க்குக்கு ஐ. ஆகவே டெல்டா என்றால் டி-ஈ-எல்-டீ-ஏ.

கேள்வி எந்த வகை?

இதில் தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் சொல் தெரியாமல் விழுவதில்லை. கேள்வியை மாற்றிப் புரிந்துகொண்டு விழுகிறார்கள். கையில் உள்ள எழுத்துகளை ஒரு பையில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக்கூடியவை மூன்று.

ஒன்று, பையில் உள்ள எல்லா எழுத்தும் தீர வேண்டும், வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாது. டெல்டாவுக்கு டெல்ட் இந்த வகை. இதைச் சமச்சொல் என்போம்.

இரண்டு, பையில் உள்ளதை மட்டும் வைத்துச் சொல் அமைக்க வேண்டும், மிச்சம் இருந்தால் பரவாயில்லை. டெல்டாவிலிருந்து டீ-ஈ-ஏ, தேநீர். இது பைக்குள் அடங்கும் சொல். ஸ்கிராபிளில் கட்டையை வைத்துக்கொண்டு தேடுவது இதைத்தான்.

மூன்று, பையில் உள்ள எல்லா எழுத்தும் சொல்லுக்குள் இருக்க வேண்டும், கூடுதலாக வேறு எழுத்தும் இருக்கலாம். டி-ஈ-டீ-ஏ-ஐ-எல், 'டீடெய்ல்', டெல்டாவின் ஐந்தையும் வைத்துக்கொண்டு ஓர் ஐ கூடச் சேர்ந்தது. இது பையை அடக்கும் சொல்.

அடங்குவதும் அடக்குவதும் நேர் எதிர்த் திசைகள். 'இந்த எழுத்துகள் உள்ள சொற்கள்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் இரண்டில் எதுவாகவும் எடுத்துக்கொள்ளலாம். தேடும் செயலிகளிலும் இதே குழப்பம் உண்டு. தவறான கட்டத்தில் எழுத்தைப் போட்டுவிட்டு 'சரியாகவே வரவில்லை' என்று செயலியைத் திட்டுவோம்.

வரிசை மாறாமல் சேர்ந்தே வர வேண்டும் என்பது (ஓ-யு-ஜி-எச் சேர்ந்து வரும் சொற்கள் போல) நான்காவது வகை. அது எளிது, எந்த எடிட்டரிலும் உள்ள சாதாரணத் தேடலே கண்டுபிடித்துவிடும். அதை விட்டுவிடுவோம்.

ஒரு துணைக்கேள்வியும் உண்டு: பையில் ஒரே ஈ இருந்தால் சொல்லில் இரண்டு ஈ வரலாமா? வங்கித் தேர்வில் 'ஒவ்வொரு எழுத்தையும் ஒரு முறை மட்டும்' என்று கேள்வியிலேயே இருக்கும். அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்கிராபிளிலும் ஒரு கட்டையை ஒரு தடவைதான் வைக்க முடியும். சில செல்போன் விளையாட்டுகளில் மட்டும் அதே எழுத்தை எத்தனை தடவையும் எடுக்கலாம். இந்தக் கட்டுரையில் ஓர் எழுத்து ஒரு தடவைதான்.

காதைப் பொத்திக்கொள்ளுங்கள்

தமிழில் படித்து வளர்ந்தவருக்கு எழுத்து என்றாலே ஒலி. ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம்தான் காலை வாரும். எல்-ஐ-எஸ்-டீ-ஈ-என் என்று எழுதி 'லிசன்' என்கிறோம். நடுவில் உள்ள டீ வாயில் வருவதே இல்லை. அதே ஆறு எழுத்தை எஸ்-ஐ-எல்-ஈ-என்-டீ என்று மாற்றினால் 'சைலன்ட்'. இரண்டுக்கும் ஒலியில் உறவே கிடையாது. 'லிசன்' என்று முணுமுணுத்துக்கொண்டே தேடுகிறவர் சைலன்ட்டை ஒரு மணி நேரம் ஆனாலும் பிடிக்க மாட்டார். இதே ஆறு எழுத்தில் என்லிஸ்ட், டின்செல் ஆகியவையும் உண்டு. வாய்க்காலுக்கு நீர் நுழையும் வாயைப் பொறியாளர்கள் சொல்லும் இன்லெட்டின் பன்மையும் உண்டு.

எதிர்ப்பக்கத்திலும் வம்புதான். சொல்லைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு தேடினால் வேறு வேறு சொற்கள் ஒன்றாகிவிடும். டீ-ஏ-எல்-ஈ என்றால் கதை. டி-ஏ-எல்-ஈ என்றால் பள்ளத்தாக்கு. தமிழில் இரண்டும் 'டேல்'தான். எல்-ஈ-டீயும் எல்-ஈ-டியும் 'லெட்'தான். நோட்டு ஓரத்தில் தமிழில் குறித்துப் படித்தவர்கள் டி, டீ இரண்டையும் மாற்றிப் போட்டு விடையை விடுவது இதனால்தான். சி, கே, கியூ மூன்றும் ககரமாகத் தெரிவதும் இதே கதை. ஆக, தேடும்போது எழுத்தைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். சொல்லை உச்சரித்துப் பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

வரிசையைத் தூக்கிப் போட்டால் வேலை குறையும்

டெல்டாவின் ஐந்து எழுத்தில் மூன்றோ அதற்கு மேலோ எடுத்து வரிசையாக அடுக்க 300 வழி இருக்கிறது. மூன்றெழுத்து வரிசைகள் 60, நான்கெழுத்து 120, ஐந்தெழுத்து 120. ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் பொழுது போய்விடும். ஆனால் வரிசையைப் பார்க்காமல் 'எந்தெந்த எழுத்து' என்று மட்டும் கேட்டால் 16 சிறுபைகள்தான்: மூன்றெழுத்துப் பை 10, நான்கெழுத்து 5, ஐந்தெழுத்து 1.

ஸ்கிராபிளில் கையில் ஏழு கட்டை. ஏழும் வேறு வேறு எழுத்து என்றால் எல்லா நீளத்துக்கும் சேர்த்து 13,699 வரிசைகள், சிறுபைகளோ 127தான். கணினியானாலும் தலையானாலும் லாபம் இங்கேதான் கிடைக்கிறது.

சிறுபையை அடையாளம் காண, அதன் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். அதுதான் சாவி. லிசன், சைலன்ட் இரண்டுக்கும் ஒரே சாவி: ஈ-ஐ-எல்-என்-எஸ்-டீ. சொற்பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் சாவி போட்டு, சாவியின்படி அடுக்கி வைத்துவிட்டால் சமச்சொற்கள் தானாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

டெல்டாவின் 16 பைகளையும் திறந்து பார்த்துவிடலாம். ஏ-ஈ-டீ பைதான் கொழுத்தது: டீ-ஈ-ஏ தேநீர், ஈ-ஏ-டீ தின், ஏ-டீ-ஈ தின்றான். ஏ-டி-எல் பையில் எல்-ஏ-டி, பையன். ஏ-டி-டீ பையில் டீ-ஏ-டி, துளியளவு. ஏ-ஈ-எல் பையில் ஏ-எல்-ஈ, ஒரு வகை பியர். டி-ஈ-எல் பையில் எல்-ஈ-டி, நடத்திச் சென்றான். ஈ-எல்-டீ பையில் எல்-ஈ-டீ, விடு. டி-எல்-டீ பையில் உயிரெழுத்தே இல்லை, பார்க்காமலே மூடிவிடலாம். மிச்ச மூன்றில் பழகிய சொல் இல்லை. கீபோர்டில் 'ஆல்ட்' இருக்கிறதே என்று வழக்குப் பேசுகிறவர் பேசலாம்.

நான்கெழுத்தில் ஏ-டி-ஈ-எல் பையில் டி-ஈ-ஏ-எல், எல்-ஈ-ஏ-டி, மேலே சொன்ன பள்ளத்தாக்கு. ஏ-ஈ-எல்-டீ பையில் எல்-ஏ-டீ-ஈ தாமதம், டீ-ஏ-எல்-ஈ கதை, டீ-ஈ-ஏ-எல் கிளுவை என்கிற சிறு வாத்து. ஏ-டி-ஈ-டீ பையில் டி-ஏ-டீ-ஈ, தேதி. மற்ற இரண்டில் பழகியது எதுவும் தேறாது. ஐந்தெழுத்தில் டெல்டாவும் டெல்ட்டும்.

தேர்வில் கேட்பது இதைவிடச் சின்னது. ஏ, ஈ, எஸ், டீ நான்கையும் ஒவ்வொரு முறை மட்டும் பயன்படுத்தி எத்தனை பொருளுள்ள சொல் அமைக்கலாம் என்பார்கள். ஒரே பை. ஈ-ஏ-எஸ்-டீ கிழக்கு, எஸ்-ஈ-ஏ-டீ இருக்கை, ஈ-ஏ-டீ-எஸ் தின்கிறான், டீ-ஈ-ஏ-எஸ் தேநீர் வகைகள். 'மூன்றுக்கு மேல்' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டியதுதான். இரண்டு கண்டதும் 'இரண்டு' என்று போடுவது வழக்கமான தவறு. எஸ் இருந்தால் கடைசியில் வைத்து ஒரு தடவை, முதலில் வைத்து ஒரு தடவை பார்க்காமல் விடாதீர்கள்.

தாளில் தேடும்போது எழுத்துகளை நேர்க்கோட்டில் எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். நேர்க்கோட்டில் எழுதினால் கண் அந்த வரிசையிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு வால்களைத் தனியே எடுத்து வையுங்கள்: ஈ-டி, ஈ-ஆர், ஐ-என்-ஜி, எஸ். எஸ்-எச், சி-எச், எஸ்-டீ, டீ-ஆர் போல ஒட்டிப் பிறந்த ஜோடிகளையும் ஒதுக்குங்கள். கியூ இருந்தால் அநேகமாக யு-வும் அதன் பின்னால் வரும்.

அடக்கும் சொல்: ஒன்று கூட்டிப் பாருங்கள்

பையை அடக்கும் சொல்லுக்கு மேல் எல்லை இல்லை. அதனால் ஒரே தாவாகத் தாவாமல், ஓர் எழுத்தைக் கூட்டி என்ன வருகிறது என்று பார்ப்பது நல்லது. டெல்டாவோடு ஐ சேர்த்தால் டீடெய்ல், டைலேட், டெய்ல்ட். எஸ் சேர்த்தால் சால்டட், லாஸ்டட், ஸ்லேட்டட். என் சேர்த்தால் டென்டல், பல் சார்ந்தது. எச் சேர்த்தால் ஹால்டட், எம் சேர்த்தால் மால்டட், இன்னோர் ஈ சேர்த்தால் எலேட்டட். ஈ, ஆர் இரண்டையும் சேர்த்தால் ஒரே சாவியில் நான்கு சொல் வரும்: ரிலேட்டட், ஆல்டர்ட், அலர்ட்டட், ட்ரெடில். கடைசியாகச் சொன்னது காலால் மிதித்து இயக்கும் பலகை.

பையில் அரிய எழுத்து ஏதாவது இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃப்ரட் பட்ஸ் 1930-களில் செய்தித்தாளில் எழுத்துகளை எண்ணித்தான் கட்டைகளின் அளவை முடிவு செய்தார். ஆங்கிலப் பெட்டியில் 100 கட்டை. அதில் ஈ மட்டும் 12, ஏ-வும் ஐ-யும் 9 வீதம், கியூ, இசட், ஜே, எக்ஸ், கே தலா ஒன்று. ஏ, ஐ, இசட் மூன்றும் வேண்டும் என்றால் இசட் உள்ள சொற்களை முதலில் பிரித்துவிட்டு, அதற்குள் மற்ற இரண்டையும் தேடுவது சுருக்கம். எம்-ஏ-ஐ-இசட்-ஈ, மக்காச்சோளம், சீக்கிரமே கிடைத்துவிடும்.

மதகு மூடும் முறை

கணினி அடங்கும் சொல்லைத் தேடும் முறைகளில் ஒன்று நம்மூர் வாய்க்கால் மாதிரியேதான். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பில் கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிகிறது. கல்லணையில் மறுபடி காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெள்ளம் வந்தால் மிச்சம் கொள்ளிடத்துக்குப் போகும். அதற்குக் கீழே கிளை, அதிலிருந்து கிளை, கடைசியில் வயல் வாய்க்கால். கல்லணையில் வெண்ணாற்று மதகை மூடிவிட்டால் அதற்குக் கீழே உள்ள வாய்க்கால்களைப் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. எதிலும் தண்ணீர் இருக்காது.

சொற்பட்டியலையும் அப்படிக் கிளையாக அடுக்கலாம். தலையில் 26 மதகு, முதலெழுத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டாம் எழுத்துக்கான கிளைகள். ஒரு சொல் முடியும் இடம் ஒரு வயல். 1960-ல் எட்வர்ட் ஃப்ரெட்கின் இந்த அமைப்புக்கு 'ட்ரை' என்று பெயர் வைத்தார். 'ரிட்ரீவல்' என்ற சொல்லின் நடுவிலிருந்து நான்கு எழுத்தை வெட்டி எடுத்த பெயர்.

கையில் டெல்டாவின் ஐந்து எழுத்து என்றால் தலைமதகில் ஐந்தைத்தான் திறப்போம். மற்ற 21 மூடியே கிடக்கும். அவற்றின் கீழே உள்ள ஆயிரக்கணக்கான சொற்களைத் தொடவே போவதில்லை. டி வழியாக இறங்கினால் கையில் மிச்சம் ஏ, ஈ, எல், டீ. அடுத்து எல் பக்கம் திரும்பப் பார்த்தால் அங்கே வாய்க்காலே வெட்டவில்லை, டி-எல் என்று தொடங்கும் சொல் பட்டியலில் கிடையாது. டீ பக்கமும் அதேதான். ஈ பக்கம் போகலாம். டி-ஈ, பிறகு டி-ஈ-எல், பிறகு டீ, பிறகு ஏ. வயல் வந்துவிட்டது: டெல்டா. வந்த வழியே ஒரு கிளை மேலேறி அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

மதகை மூடக் காரணம் இரண்டே: கையில் அந்த எழுத்து இல்லை, அல்லது அந்தப் பக்கம் வாய்க்கால் இல்லை. புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் கோட்டை விடும் இடம், எழுத்தைச் செலவுக் கணக்கில் எழுதாமல் விடுவது. டி ஒன்றைப் பயன்படுத்தியதும் அந்தக் கிளைக்குக் கீழே டி மதகை மூட வேண்டும்; மேலேறும்போது திரும்பத் திறக்க வேண்டும். மூட மறந்தால் டி-ஈ-ஏ-டி என்று இரண்டு டி உள்ள சொல் வந்து நிற்கும். திறக்க மறந்தால் பாதிச் சொற்கள் காணாமல் போகும். இரண்டாவது தவறு மோசமானது. விடை குறைவாக வருகிறதே தவிர, எதுவும் தப்பாகத் தெரியாது.

எக்செலில் ஒரே சூத்திரம்

நிரல் தெரியாவிட்டாலும் எக்செலோ கூகுள் ஷீட்ஸோ போதும். முதல் நெடுவரிசையில் சொற்பட்டியல். அடுத்ததில் 'சப்ஸ்டிட்யூட்' சூத்திரம். அதற்கு நான்கு உள்ளீடு: எந்தச் சொல், எந்த எழுத்தை, அதற்குப் பதில் என்ன, எத்தனையாவது தடவை வருவதை. மூன்றாவதில் வெற்று மேற்கோள், நான்காவதில் 1 என்று போட்டால், அந்த எழுத்து முதலில் வரும் இடத்தில் மட்டும் அழியும். இப்படி ஐந்து சூத்திரத்தை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து டெல்டாவின் ஐந்து எழுத்தையும் ஒவ்வொரு தடவை அழித்துவிடுங்கள். மிச்சத்தின் நீளத்தை 'லென்' சொல்லும்.

மிச்சம் பூஜ்யம் என்றால் சொல் பைக்குள் அடங்கும். டீ-ஈ-ஏ முழுக்க அழிந்துவிடும். அழிந்தவை சரியாக ஐந்து என்றால் சொல் பையை அடக்கும். ரிலேட்டட்டில் ஏழு எழுத்து. ஐந்து அழிந்து ஆர்-ஈ மிஞ்சும். இரண்டும் சேர்ந்து நடந்தால் சமச்சொல். மூன்று கேள்விக்கும் ஒரே நெடுவரிசையில் பதில் கிடைத்துவிடுகிறது. பையில் இரண்டு ஈ இருந்தால் ஈ-க்கான சூத்திரத்தை இரண்டு தடவை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால் சூத்திரம் அந்த எழுத்தை எல்லா இடத்திலும் அழித்துவிடும். ஒரே ஈ இருந்தும் இரண்டு ஈ உள்ள சொல் தேறிவிடும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதற்கு வேறு வேறு, எனவே 'லோயர்' போட்டு எல்லாவற்றையும் சின்னதாக்கிய பிறகு தொடங்குங்கள். இணையத்திலிருந்து நகலெடுத்த பட்டியலில் சொல்லின் கடைசியில் இடைவெளியோ கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறியோ ஒட்டியிருக்கும். அப்போது எதுவுமே பூஜ்யம் ஆகாது. 'டிரிம்', 'கிளீன்' இரண்டையும் ஓட்டிவிட வேண்டும். வெற்றுக் கட்டமோ எப்போதும் பூஜ்யம் காட்டும், அதை விடையாக எண்ணிவிடாதீர்கள்.

பகா எண் வழி என்று ஒன்றும் இருக்கிறது. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனின் ஊர்க்காரர்களுக்காகவாவது அதைச் சொல்லிவிடலாம். 26 எழுத்துக்கும் வரிசையாக முதல் 26 பகா எண்களைக் கொடுங்கள்: ஏ-க்கு 2, டி-க்கு 7, ஈ-க்கு 11, ஐ-க்கு 23, எல்-லுக்கு 37, டீ-க்கு 71, கடைசி இசட்டுக்கு 101. சொல்லின் எண்களைப் பெருக்கினால் அதுவே சாவி. டெல்டாவுக்கும் டெல்ட்டுக்கும் 4,04,558. டீடெய்லுக்கு 93,04,834. பெரியதைச் சின்னதால் வகுத்தால் மிச்சமில்லாமல் 23 வரும். அந்த 23-தான் கூடுதலாக வந்த ஐ. மிச்சமில்லாமல் வகுபட்டால் அடக்கும், இல்லாவிட்டால் இல்லை. அழகான வழி, ஆனால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. நீளமான சொற்களில் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிக் கணக்கு கெட்டுப்போகும். ஏழெட்டு எழுத்துக்கு மேல் போனால் அழிக்கும் முறையே மேல்.

பட்டியல் எது?

எந்த முறையும் பட்டியலில் உள்ள சொல்லைத்தான் காட்டும். லினக்ஸில் கிடைக்கும் 'வேர்ட்ஸ்' கோப்பில் ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் மேற்கோள்குறி போட்ட சொற்களும் கலந்திருக்கும். சலித்துத்தான் எடுக்க வேண்டும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய 'எனேபிள்' பட்டியலில் ஏறத்தாழ 1,72,000 சொல். கொலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலில் சுமார் 2,80,000. பட்டியல் பெரிதாகும்போது, நாம் மேலே 'பழகிய சொல் இல்லை' என்று மூடிய பைகள் திறந்துகொள்ளும். டி-ஈ-எல்-டீ கூட கொலின்ஸில் சொல்தான். ஸ்கிராபிள் பலகையில் அதற்குப் புள்ளி கிடைக்கும். வங்கித் தேர்வில் அதை ஒரு சொல்லாக எண்ணினால் விடை தப்பாகும், ஏனென்றால் வினாத்தாள் போட்டவர் கணக்கில் இருப்பது பள்ளிக்கூட அகராதிச் சொற்கள். பிரிட்டன் எழுத்துக்கூட்டலா அமெரிக்க எழுத்துக்கூட்டலா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். நிறத்தைக் குறிக்கும் 'கலர்' என்ற சொல்லில் யு ஒன்று கூடுவதும் குறைவதும் பையையே மாற்றிவிடும்.